கைக்குட்டைக்குள் இரண்டு நாற்று

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள் முதலில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

தருமபுரிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் துப்புரவு மேற்பார்வையாளர் தீர்த்தகிரி. பக்கத்து மேசைக்காரர் தும்மினாலே அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் உரக்கிடங்கில் போட்டார்கள். ஊர்க் கழிவறைத் தொட்டிகளிலிருந்து லாரி உறிஞ்சி வரும் கசடைக் காயவைத்து, காய்கறிக் கழிவோடு கலந்து குவித்து, அங்கே உரமாக்குவார்கள். அந்த நாற்றம் சட்டையோடு வீடுவரை வரும். மூக்கில் கைக்குட்டை இல்லாமல் அவர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

குவியல் உள்ளுக்குள் நன்றாகச் சூடேறி வேக வேண்டும். அப்போதுதான் கசடில் இருக்கும் குடற்புழு முட்டைகள் சாகும். அதற்காக மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறி, வெளியே கிடப்பதை உள்ளே தள்ள வேண்டும். கடப்பாரையைச் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும்.

அங்கே வேலை செய்யும் மாதம்மாளும் முனிராஜும் ஆளுக்கொரு குவியல் போட்டிருந்தார்கள். ஒரே நாள், ஒரே லாரிக் கசடு, ஒரே கல்யாண மண்டபத்துத் தக்காளிக் கழிவு. காக்காய் குருவி அண்டாமல் இரண்டின் மேலும் வலை. மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு குவியல் ஏரிக்கரைக் கொத்தமல்லித் தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்தக் கொத்தமல்லியைத்தான் தீர்த்தகிரி வீட்டில் பச்சையாக அரைத்து, நான்கு வயது மகளுக்கு இட்லியோடு கொடுக்கிறார்கள். போன மாதம்தான் அவளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருந்தது. தப்பான குவியலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் புழு முட்டை நேரே அவள் தட்டுக்குத்தான் வரும்.

முனிராஜின் குவியல் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. துளி நாற்றம் இல்லை. மேலெல்லாம் தக்காளி நாற்று தளதளவென்று நின்றது. தீர்த்தகிரி முதல்முறையாக மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ஆசையாக இரண்டு நாற்றை வேர்மண்ணோடு பிடுங்கி, வீட்டில் நடலாமென்று அதில் பொதிந்துகொண்டார்.

மாதம்மாளின் குவியலில் ஒரு புல்கூட இல்லை. பள்ளமான மூலையில் இருந்ததால் முந்தின நாள் மழைத்தண்ணீர் தேங்கி முடைநாற்றம் அடித்தது. பொதிந்த கைக்குட்டையை அப்படியே மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார்.

கிளறினோம், கடப்பாரை சுட்டது என்று இருவரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்.

"எரு நல்லா இருக்கங்காட்டித்தான் சார் செடி வருது. அந்தக்கா குவியல்ல ஒண்ணும் மொளைக்கல பாருங்க" என்றான் முனிராஜ்.

மாதம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "நாத்தம் ரெண்டு நாள் வெயில்ல போயிரும் சார். ஒங்க பொண்ணு திங்கப்போறத நெனச்சுக் கையெழுத்துப் போடுங்க."

தீர்த்தகிரி பேனாவைத் திறந்தார். எந்தக் குவியல் தோட்டத்துக்குப் போகலாம்? இருவரில் பொய் சொன்னது யார்?

விடை: மாதம்மாளின் குவியல்தான் போக வேண்டும். தக்காளி விதை லேசில் சாகாது. மனிதர் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தும் முளைக்கும். ஆனால் வெந்துபோனால் முளைக்காது. பறவைகள் புது விதை போட முடியாதபடி வலைக்குள் இருந்த குவியலில் அது முளைத்திருக்கிறது என்றால், அந்தக் குவியல் சரியாக வேகவே இல்லை, முனிராஜ் கிளறவில்லை; பொய் சொன்னது அவன்தான். விதை பிழைத்த இடத்தில் புழு முட்டையும் பிழைத்திருக்கும். மாதம்மாள் இதை விளக்கி முடித்தபோது, அந்தக் கைக்குட்டை தீர்த்தகிரியின் மூக்கையும் வாயையும் அழுத்தியபடியேதான் இருந்தது.