பனிப்பாளத்தில் ஒரு பொதுத்தேர்தல்

வெயிலுகந்தபுரத்தில் வடதுருவ ஆராய்ச்சி மன்றம் என்று ஒன்று இருந்தது. தலைவர் சங்குமுத்து, செயலாளர் சடகோபன், மற்ற உறுப்பினர்கள் அனைவரும் குழந்தைவேலு. சர்பத்தில் மிதப்பதைத் தவிர வேறு ஐஸை மூவரும் பார்த்ததில்லை.

வடக்கே ஒரு பல்கலைக்கழகம் அவர்களைக் கோடைகால ஆய்வுக்கு அழைத்தது. ஏன் அழைத்தது என்பது அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து ஆர்க்டிக் கரைக்கு அனுப்பினார்கள். அதில் மூன்றே வரி: "மக்களோடு ஒட்டிப் பழகுங்கள். பனி மேல் ஒரு கண் வைத்திருங்கள். அரசியலில் எந்தப் பக்கமும் சாயாதீர்கள்."

முதல் நாளே மூவரும் மினிக் என்ற மீனவரோடு ஒட்டினார்கள். தோளோடு தோள். அவர் வீட்டு வாசலோ ஓராள் அகலம். நான்கு பேரும் கால் மணி நேரம் அதில் சிக்கி நின்றார்கள்.

"உங்க ஊர்ல இப்படித்தான் பழகுவீங்களா?" என்றார் மினிக்.

"இல்லைங்க, உங்க ஊருக்காகத்தான்" என்றார் சங்குமுத்து பணிவாக.

மறுநாள் கடலோரப் பனியில் குப்புறப் படுத்து, ஆளுக்கு ஒரு கண்ணைப் பனியில் வைத்தார்கள். அது விறைத்ததும் அடுத்த கண்.

"பனி விரிசல் விடுது, எழுந்து வாங்க!" என்று மினிக் தூரத்திலிருந்து கத்தினார். கண்ணை எடுக்கலாம் என்று தாளில் இல்லை. மூவரும் அசையவில்லை. பாளம் மடாரென்று பிளந்து கடலில் நகர்ந்தது.

குழந்தைவேலுவின் மற்றக் கண் கரையைப் பார்த்தது. "தலைவரே, ஊர் கிளம்பிருச்சு."

"எங்கே போகுதாம்?"

"சொல்லலை."

"மூணு விருந்தாளிங்க இருக்கோம், சொல்லாமலா போகும்?" என்று சடகோபன் வருத்தப்பட்டார்.

எழுந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். கூடம் அளவு இருந்த பாளம் கட்டில் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. சடகோபனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆவணியில் அக்கா மகள் கல்யாணம், தாய்மாமன் அவர்தான்.

"அழாதீங்க செயலாளரே. நம்ம ஊர்ல வெள்ளம் வந்தா யார் காப்பாத்துவாங்க?" என்று கேட்டார் சங்குமுத்து.

"அரசாங்கம்."

"இங்கே அது இல்லை. அதுதான் குறை. உடனே தேர்தல் வைப்போம்."

மூவரும் வேட்பாளர்கள். பிரசாரம் சூடாக நடந்தது. குழந்தைவேலு வீட்டுக்கு ஒரு கரை தருவதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் ஓட்டுப் போடும்போதுதான் சிக்கல். எந்தப் பக்கமும் சாயக்கூடாதே! தன் பக்கமும் ஒரு பக்கம்தான். யாரும் யாருக்கும் போடவில்லை. மூவரும் தோற்று, மூவரும் எதிர்க்கட்சி ஆனார்கள்.

அதற்குள் மினிக் படகோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏறுங்க, சீக்கிரம்!"

"ஆளுங்கட்சி அமையாம எப்படிங்க வர்றது? யார்கிட்ட சொல்லிட்டு வர்றது?" என்றார் சங்குமுத்து.

மினிக் தலையில் கைவைத்துக்கொண்டார். தண்ணீர் மூவரின் காலையும் நனைத்தது. சடகோபனுக்குத்தான் அந்த நேரத்தில் மூளை வேலை செய்தது.

"தலைவரே, எதிர்க்கட்சிக்குன்னு ஒரு வழி இருக்கே. வெளிநடப்பு!"

மூவரும் கோஷம் போட்டபடி, வரிசையாக, படகுக்குள் வெளிநடப்பு செய்தார்கள்.

படகு கொஞ்ச தூரம் போனதும் மீசை வைத்த கடல்நாய் ஒன்று பாளத்தில் ஏறி, உடம்பை உதறிவிட்டு, நடுவில் படுத்தது. மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். படகு கவிழப் பார்த்தது.

"உட்காருங்கய்யா!" என்று அலறினார் மினிக்.

அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை போனது: "ஆர்க்டிக்கில் தேர்தல் அமைதியாக முடிந்தது. போட்டியின்றித் தேர்வானவர் பெரிய மீசைக்காரர். பதவியேற்றதும் தூங்கிவிட்டார்."