நடுக்கல்லைத் தாண்டிய ராஜா

முன்னொரு காலத்தில், வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் தூங்கிக் கிடக்கும் ஒரு நாட்டைக் குமுதசேனன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அந்த நாட்டின் எல்லை ஓர் ஆறு. ஆற்றின் நடுவே பாசி படிந்த ஒரு கல் நிற்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் குமுதசேனனுடையது, அந்தப் பக்கம் வேறொரு ராஜாவுடையது. பாலம் கிடையாது, ஒரு மூங்கில் மிதவை மட்டும் உண்டு. அதன் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். இக்கரைக் கயிறு பூவாயி கையில், அக்கரைக் கயிறு அவள் மருமகன் காத்தான் கையில். போகிறவர்களைக் காத்தான் இழுப்பான், வருகிறவர்களைப் பூவாயி இழுப்பாள். மூட்டத்தில் முகம் தெரியாது என்பதால் கயிறுதான் பேசும். ஒரு தரம் சுண்டினால், ஆள் ஏறியாச்சு, இழு. இரண்டு தரம் சுண்டினால், நிறுத்து. மூன்று தரம் சுண்டினால், நல்ல சேதி.

இக்கரைத் தயிர் அக்கரைக்குப் போகும். அக்கரை வைத்தியர் இக்கரைக்கு வருவார். ராஜாவும் அடிக்கடி ஆற்றங்கரைக்கு வந்து, பூவாயி சொல்லும் அக்கரைக் கதைகளைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

எல்லைக் காவல் தலைவர் வல்லபராயருக்கு அது பொறுக்கவில்லை. 'நான் பேசினால் கொட்டாவி விடுகிறார், ஒரு மிதவைக்காரி பேசினால் சிரிக்கிறாரே!' என்று புழுங்கினார். ஒருநாள் மெதுவாக ராஜாவின் காதில் ஓதினார்: "மகாராஜா, அந்த மூட்டத்துக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் கண்டது?"

அது போதாதா? "இனி முத்திரை ஓலை இல்லாமல் ஒருவரும் கல்லைத் தாண்டக்கூடாது!" என்றார் ராஜா. 'யாராக இருந்தாலும்' என்று வல்லபராயர் தன் கையாலேயே அந்தக் கட்டளையில் சேர்த்து எழுதினார்.

ஓலை கிடைக்க ஒன்பது நாள் ஆனது. தயிர் கரையிலேயே புளித்தது. வைத்தியர் வந்து சேர்வதற்குள் காய்ச்சல்காரர்கள் பாதி உடம்பாக இளைத்துப் போனார்கள். பூவாயியின் மகள் செங்கமலம் அக்கரையில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். "அம்மா, எப்ப வருவே?" என்று தினமும் விடியலில் அவள் குரல் நீரின் மேல் மிதந்து வரும்.

பூவாயி அரசவைக்குப் போனாள்.

"ஒன்பது நாள் கழித்து வா" என்றார் வல்லபராயர்.

"பிள்ளை ஓலையைப் பார்த்துப் பிறக்காதுங்களே, ஐயா!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார். "என் கட்டளை தப்பு என்கிறாயா?"

"தப்புன்னு சொல்லமாட்டேன், மகராசா. மிதவையில ஏறிப் பார்க்காம போட்ட கட்டளை."

"அப்படியானால் நாளை விடியலில் ஏறிப் பார்க்கிறேன். குறையைக் காட்டினால் நீ கேட்டதைத் தருவேன். காட்டாவிட்டால் அந்தக் கயிற்றையே அறுத்தெறிவேன்!"

பூவாயிக்குக் கயிறு போனால் மகளும் போன மாதிரிதான். ஆனாலும் சரியென்று கும்பிட்டாள்.

விடிந்தது. ஆறு எது, வானம் எது என்று தெரியாமல் எங்கும் வெள்ளை. "கல்வரைக்கும்தான்" என்று சொல்லி ராஜா தனியாக மிதவையில் உட்கார்ந்தார். வல்லபராயர் கரையில் பூவாயி பக்கத்தில் நின்றார். பூவாயி ஒரு தரம் சுண்டினாள். மிதவை கனவுபோல நழுவி மறைந்தது.

"கல் வந்துவிட்டது! அந்தப் பக்கமிருந்து என் நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன், இன்னும் கொஞ்சம் போகட்டும்!" என்று குரல் மட்டும் வந்தது.

அவர் கல்லோடு நிற்கமாட்டார் என்று பூவாயிக்குத் தெரியும். கல் இருக்கும் தூரத்துக்கு அடையாளமாகக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சு அவள் கையைவிட்டு நழுவியது. மேலும் மூன்று முழம் விட்டு, இரண்டு தரம் சுண்டினாள். மிதவை நின்றது.

"போதும், இழு!" என்றார் ராஜா.

"ஓலை இருக்குங்களா?" என்றாள் பூவாயி.

"அடியே, நான் ராஜா!"

"மூட்டத்துல குரல்தானே கேட்குது? தலைவரே, நீங்களே சொல்லுங்க, இழுக்கட்டுமா?"

"இழு, இழு!" என்று பதறினார் வல்லபராயர்.

"'யாராக இருந்தாலும்'னு எழுதினது நீங்கதானே? இழுத்தா ராஜா கட்டளையை மீறின குத்தம் ஆகாதா?"

"ஐயோ! அப்படியானால் இழுக்காதே!"

"வல்லபராயரே!" என்று மூட்டம் உறுமியது.

"இழு! வேண்டாம்! கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா, கட்டளையை ஒரு தரம் படித்துவிட்டுச் சொல்கிறேன்!"

மிதவை மெல்லச் சுழல்வதைப் பூவாயி கயிற்றில் உணர்ந்தாள். நடு ஆற்றில் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கரையிலும் சேவல் கூவும். இரண்டு கரையிலிருந்தும் நெல் அவிக்கிற மணம் வரும்.

"அம்மா... வலி எடுத்துடுச்சும்மா..." மெல்லியதாக ஒரு குரல் வந்தது.

"பூவாயி, அது எந்தக் கரை?" என்று ராஜா கேட்டார்.

"உங்களுக்கு எதுன்னு தோணுது, மகராசா?"

"தெரியவில்லையம்மா. கட்டளை இந்த நிமிஷத்தோடு ரத்து. இழு" என்றார்.

அவள் அவ்வளவு வேகமாக ஒருநாளும் இழுத்ததில்லை. பனியில் நனைந்த மீசையோடு இறங்கிய ராஜா, "நீ ஏறு" என்றார்.

"நான் போயிட்டா, வர்றவங்களை இழுக்க இங்க ஆள் வேணுமே?"

ராஜா வல்லபராயரைப் பார்த்தார். வல்லபராயர் தன் மோதிரங்களைப் பார்த்துக்கொண்டார்.

"கழற்றி வையும். நாற்பது நாள் கயிறு உம்முடையது. யாராக இருந்தாலும் இழுக்க வேண்டும்."

உச்சிவேளையில்கூட மூட்டம் விலகவில்லை. அக்கரையில் நின்ற மிதவையிலிருந்து நீளும் இக்கரைக் கயிற்றைப் பிடித்து, பூவாயி மூன்று தரம் சுண்டினாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது.

கயிறு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு பழகாத கை ஒன்று, தட்டுத்தடுமாறி, பதிலுக்குச் சுண்டியது. ஒன்று. இரண்டு. வெகுநேரம் யோசித்து, மூன்று.