மந்திரி முகம் போட்ட மென்பொருள்

ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று யாரும் குறுக்கே கேட்கப்படாது. தாழைநாட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நாட்டை ஆண்டவர் திருமேனிராயர். அவருடைய வாய்க்கால் கச்சேரியில் செங்கமலம் என்றொரு பெண் வேலை பார்த்தாள். எந்த ஊர் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் திறக்கணும் என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை அவள் எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று ஊருக்கே விட்டுவிட்டாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. மேலக்கரை வாத்தியார் ஒரு தப்பைத் திருத்தினார். மீன்காரர் ஒருவர், மழை வந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்து கொடுத்தார். வரப்புச் சண்டை பாதியாகக் குறைந்தது. ஏதாவது சந்தேகம் என்றால் ஜனங்கள் கச்சேரி ஜன்னலுக்கு வந்து செங்கமலத்தைக் கேட்டார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு நானே பேர் சூட்டறேன்" என்று ராயர் சொன்னதுதான் தாமதம், தலைமை மந்திரி அனந்தவேலர் எழுந்துவிட்டார்.

"மன்னா, பெரிய மனுஷன் பேர் இருந்தால்தான் ஜனங்க நம்புவாங்க. 'அனந்தவேல் நீர்நிர்வாகம்'னு வைப்போம். முத்திரைக்கு என் முகத்தையே போட்டுடலாம்."

சபை ஓரத்தில் நின்ற செங்கமலம் சட்டென்று நிமிர்ந்தாள். பேர் யாருடையதோ பொருளும் அவருடையது என்று ராயரின் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். பேர் மந்திரியுடையது ஆனால், மறுநாளே பூட்டு விழும். வாத்தியாரும் மீன்காரரும் இனி வாசலில் கைகட்டி நிற்கணும்.

அரண்மனையில் அவளுக்கு இருந்த ஒரே துணை கோனேரி. ராயரைச் சிரிக்க வைப்பதும், சமயத்தில் யோசிக்க வைப்பதும் அவர் வேலை. அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று அவரையே பார்த்தாள். கோனேரி எழுந்தார்.

"அருமையான பேர்! ஆனா பேரும் முகமும் மட்டும் போதுமா? அனந்தவேலர் நாட்டுல நாலு பேர் இருக்காங்க. வீட்டு விலாசம், போன் நம்பர் ரெண்டையும் முத்திரைக்குக் கீழே கொட்டை எழுத்துல போட்டாத்தானே பெருமை இவருக்கே சேரும்?"

"பேஷ்!" என்றார் மந்திரி. ராயரும் தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் செங்கமலம் அழுதே விட்டாள். "ஏண்ணே, நீங்களுமா?"

"விழா முடிஞ்சு ஒரு வாரம் உன் ஜன்னலைச் சாத்தி வை, தங்கச்சி. யார் எதைக் கேட்டாலும் முத்திரையைப் பாருங்கன்னு சொல்லு. போதும்."

அவளுக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் சொன்னபடி செய்தாள்.

ஆடிப்பெருக்கு அன்று தடபுடலாகப் பேர்சூட்டு விழா நடந்தது. மூன்றாம் நாள் காலையில் தெருவில் ஒரே சத்தம். செங்கமலம் ஜன்னலை விரல்கடை திறந்து பார்த்தாள். மந்திரி வீடு நேர் எதிரே. வாசலில் இருந்து தேர்முட்டி வரை வரிசை நின்றது. இத்தனை நாளும் அவள் ஜன்னலுக்கு வந்த அதே கூட்டம்!

மந்திரி எண்ணெய் தேய்த்த தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, என் பாஸ்வேர்டு மறந்துடுச்சு."

"அது எனக்கெப்படிய்யா தெரியும்?"

"உங்க முகம்தானே போட்டிருக்கு?"

அடுத்து ஒரு அம்மாள். "எழுத்து பொடிசா இருக்குங்க. மாமியாருக்குத் தெரியலை. மாத்திக் குடுங்க, இங்கேயே உக்காந்திருக்கேன்." அடுத்தவர் போனைக் கோழி மிதித்து என்னவோ அழிந்துவிட்டதாம். அதற்கும் அடுத்தவருக்குப் புகாரே இல்லை. "நல்லா வேலை செய்யுது. ஆனா நிறம் பிடிக்கலை" என்றார். மந்திரியின் போனோ அடித்துக்கொண்டே இருந்தது.

செங்கமலத்துக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் நாள் மந்திரி சபைக்கு ஓடி வந்தார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. "மன்னா! சோறு தின்ன விடமாட்டேங்கறாங்க. இவங்களை விரட்டச் சொல்லுங்க!"

கோனேரி நிதானமாக ஓலை ஒன்றைப் பிரித்தார். "மன்னா, உங்க தாத்தா போட்ட சட்டத்துல ரெண்டாவது வரியும் இருக்கு. பொருள் கெட்டா, பேர் போட்டவரே சரி பண்ணிக் கொடுக்கணும். குடம் செஞ்சு அதுல தன் பேரை வெட்டின கன்னாருக்கு இருக்கற பொறுப்பு மந்திரிக்கு இல்லாம போகுமா?"

"தாத்தா சொன்னா சொன்னதுதான்" என்றார் ராயர்.

"எனக்குப் பேரும் வேண்டாம், பொருளும் வேண்டாம்! இந்த முகத்தை எடுத்துடுங்க!" மந்திரி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

ராயர் செங்கமலத்தைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, என்ன பேர் வைக்கலாம்?"

"மதகுன்னு வைங்க, மன்னா. எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். முத்திரைக்கு வெறும் வட்டம் போதும். உள்ளே, எதையாவது திருத்திக் குடுத்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு புள்ளி வைப்போம். பொருளும் அவங்க எல்லாருக்கும்தான், ரிப்பேரும் எல்லாருக்கும்தான்."

அன்றே வட்டத்தில் முப்பத்தேழு புள்ளி விழுந்தது. வாத்தியாருக்கு ஒன்று, மீன்காரருக்கு ஒன்று. மந்திரிக்கு ஒன்றும் இல்லை.

ராயருக்கு ஒரே பூரிப்பு. "கோனேரி! உமக்குப் பரிசு கொடுத்தே ஆகணும். ஆத்துக்கு நடுவே கட்டற புதுப்பாலத்துக்கு உம்ம பேரையே வைக்கப்போறேன்!"

கோனேரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

"மன்னா, அதுக்கும் மந்திரி பேரையே வைங்க. வீட்டு விலாசம் ஜனங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்!"