கை படாத வீணை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் வீம்பு அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜா தன் ராணி கோதைவல்லியைப் பறிகொடுத்தார். அவள் வாசித்த வீணை, கடைசியாக அவள் வைத்துவிட்டுப் போன கம்பளத்திலேயே கிடந்தது. "அவள் விரல் பட்ட தந்தி இது. இனி யார் தொட்டாலும் கையை வாங்கிவிடுவேன்" என்று உத்தரவு போட்டார். தன் கையையும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஒரு வருஷம் ஓடிற்று. தினமும் காலையில் அந்த அறைக்குப் போய், "கோதை" என்று கூப்பிடுவார். வீணை கம்மென்று கிடக்கும். ஒரே ஒரு தரம் அந்த நாதத்தைக் கேட்டால் போதும் என்று மனசு தவித்தது. தொடவும் விடமாட்டார், கேட்காமலும் இருக்கமாட்டார். ஏக்கத்துக்கு ஏது நியாயம்? ஒருநாள் சபையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அமைச்சர் மழவராயருக்கு விகடகவி சேந்தன் என்றால் ஆகாது. தான் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, சேந்தன் பேசினால் சிரிக்கிறாரே என்று வயிற்றெரிச்சல்.

"மன்னர் மன்னா! சேந்தனார் அறியாத வித்தை உண்டா? கையோ கோலோ படாமல், வாயால் ஊதாமல், அந்த வீணையை அவர் ஒலிக்கச் செய்யட்டும். இயலாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

இது அநியாயம் என்று ராஜாவுக்குத் தெரியும். ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆகட்டும் மகாராஜா. அடியேனுக்கு இன்னொரு வீணை மட்டும் வேண்டும்" என்றான் சேந்தன்.

மறுநாள் காலை, அரண்மனை வித்வான் சுருதி கூட்டித் தந்த வீணையை ராணியின் வீணைக்கு ஒரு முழ தூரத்தில் வைத்தான். அதன் தந்தியை மீட்டி, ராணியின் வீணை ஒலிக்கிறதா என்று கேட்க உடனே உள்ளங்கையால் அமுக்கினான். ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"மூட்டை கட்ட ஆள் அனுப்பட்டுமா?" என்றார் மழவராயர்.

சேந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "தப்பு என்னுடையது, மகாராஜா. ஒரு வருஷமாக யாரும் முறுக்காத தந்தி. தளர்ந்து, சுருதி இறங்கியிருக்கும். அரண்மனைச் சுருதியில் கூப்பிட்டால் அது எப்படித் திரும்பிப் பார்க்கும்? அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் இறங்க வேண்டும்."

தன் வீணையின் முறுக்காணியைக் கொஞ்சம் தளர்த்தினான், மீட்டினான், அமுக்கினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். ஏழாவது தரம் அமுக்கியபோது நாதம் நிற்கவில்லை. யார் கையும் படாத ராணியின் வீணை மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் தந்தியிலிருந்து தூசி உதிர்ந்தது.

ராஜா வீணைப் பக்கம் குனிந்து, "கோதையா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் பாதி ராஜ்யம் கிடைத்திருக்கும். சேந்தன் சொல்லவில்லை.

"இல்லை மகாராஜா. அடியேனுடைய தந்தி அதிர்ந்தது. அந்த அதிர்வைக் காற்று சுமந்துபோயிற்று. ஒரே சுருதியில் நிற்கிற இரண்டு தந்திகளில் ஒன்று அதிர்ந்தால் மற்றது சும்மா இருக்காது. ராணியாரின் வீணைக் குடம் அதை வாங்கிப் பெரிதாக்கித் தருகிறது. அவ்வளவுதான்."

"காற்று! காற்று கூடாதென்றேனே!" என்று குதித்தார் மழவராயர்.

"ஊதக் கூடாதென்றீர், ஊதவில்லை. அறையில் காற்றே இருக்கக் கூடாதென்று சொல்லியிருந்தால் தாங்களும் இந்நேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது ஐயா."

ராஜா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "ஒரு வருஷமாகக் கூப்பிடுகிறேனே சேந்தா. எனக்கு ஏன் பதில் சொல்லவில்லை?" என்றார்.

"மகாராஜா பேசினீர்கள். அது பேச்சுக்கு மசியாது. இந்தச் சுருதியில் நீட்டிப் பாடிக் கூப்பிடுங்கள்."

"பாடவா? நான் பாடினால் அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வாளே!"

ஆனாலும் வீணைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார். எருமை கத்தினமாதிரி இருந்தது. சேந்தன் கையைத் தாழ்த்திக் காட்டினான், பிறகு கொஞ்சம் ஏற்றிக் காட்டினான். ராஜா வியர்க்க வியர்க்க, "கோ...தை..." என்று இழுத்து நிறுத்தினார்.

வீணை பதில் சொன்னது.

"அடியே, என் பாட்டை இன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாய்!" என்று ராஜா சிரித்தார். கண்ணீர் தாடியில் இறங்க இறங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். நைசாக நழுவப் பார்த்த மழவராயரை, "உட்காரும் ஐயா, இனி தினமும் காலையில் பாடப்போகிறேன், கேட்க ஆள் வேண்டாமா?" என்று பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

பிறகு வீணைப் பக்கம் திரும்பி, இன்னொரு தரம் அவளைக் கூப்பிட்டார்.