பெருங்கொம்பனின் பின்னங்கால்கள்

நாவல்மடுக் காட்டில் ஒரு காட்டெருமைக் கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். புலி வந்தால் தலைவன் முன்னால் போய்ப் புலிக்கு நேராக நிற்க வேண்டும். மற்ற எருமைகள் அவனுக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நின்று கன்றுகளை மறைக்க வேண்டும். தலைவன் நின்றால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால் புலி சலித்துப்போய்த் திரும்பிவிடும். ஓடினால் ஏதாவது ஒரு கன்று அன்றைக்குப் புலியின் சாப்பாடு.

பழைய தலைவன் வயதாகிச் செத்தபோது, கொம்பு பெரிதாக இருக்கிறதே என்று பெருங்கொம்பனைத் தலைவனாக்கினார்கள். கொம்பைப் பார்த்துத் தலைவனைத் தேடினால் கொம்பு மட்டும்தான் கிடைக்கும். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பெருங்கொம்பனின் முதுகில் உட்கார ஒரு மைனா வந்து சேர்ந்தது. ஊருக்குள் பொதுக்கூட்டம் போடும் திடலோரத்து மரத்தில் பிறந்து வளர்ந்த மைனா அது. மேடைப் பேச்சு அத்தனையும் அதற்குத் தலைகீழ்ப் பாடம்.

"தலைவர்னா பேசணும். வாயோட சேர்ந்து உடம்பும் பேசணும்," என்றது மைனா. "கழுத்தை நிமித்துங்க. கண்ணை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. முக்கியமான இடத்துல முன்னங்காலைத் தூக்கித் தரையில ஒரு தட்டு. அப்புறம் கொஞ்சம் நிறுத்துங்க. கை தட்டுறதுக்கு நேரம் குடுக்கணும்."

எருமைக்கு ஏது கை என்று பெருங்கொம்பன் கேட்கவில்லை. தினமும் காலையில் மடுவின் கரையில் நின்று, தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. தண்ணீர் கலங்கினால் முகபாவம் தெரியாதாம். தலைவர் அழகு பார்த்து முடிக்கும் வரை கூட்டம் முழுக்க நாக்கு வறண்டு வெயிலில் காத்துக் கிடக்கும்.

இந்தக் கூத்தைப் பார்க்கப் பார்க்கக் காரி என்ற தாய் எருமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் கன்று சுட்டி, எலி வளையில் கால் விட்டு முட்டி பிசகிப்போயிருந்தது. நடக்கவே நொண்டியது. ஓடச் சொன்னால் எங்கே ஓடும்? கூட்டம் இன்னொரு முறை ஓடினால், பின்தங்குவது தன் பிள்ளைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு முறை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முந்தைய முறை புலி வந்தபோது பெருங்கொம்பன் முழங்கு முழங்கென்று முழங்கினான். பேச்சு பாதியில் இருக்கும்போதே கூட்டம் சிதறி ஓடியது. பூரணி என்ற எருமையின் கன்றைப் புலி கொண்டுபோனது.

"என் பேச்சை நீங்கள் ஊன்றிக் கேட்கவில்லை," என்று பெருங்கொம்பன் கூட்டத்தின் மேல் பழியைப் போட்டான்.

"உருக்கம் கொஞ்சம் போதல. அடுத்த தடவை சரி பண்ணிடலாம்," என்று மைனா தேற்றியது. யாரைத் தேற்றியது? பிள்ளையைப் பறிகொடுத்த பூரணியை அல்ல. பேச்சாளரைத்தான்.

காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மடுவின் கரைக்கே போய் நின்றாள்.

"தலைவரே, எங்க சுட்டிக்குக் கால் சரியில்ல. இனிமே புலி வந்தா நாம ஓடக் கூடாது."

"அதைத்தானே நான் அழகாகச் சொல்கிறேன்?"

"சொல்றீங்க. ஆனா நாங்க உங்களுக்குப் பின்னால நிக்கிறவங்க. உங்க மூஞ்சி எங்களுக்கு எங்க தெரியுது? அன்னைக்கு உங்க வாலு வயித்துக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிச்சு. பின்னங்கால் ரெண்டும் ஓடறதுக்குத் தோதாத் திரும்பி நின்னுச்சு. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஓடுனோம்."

பெருங்கொம்பன் மூக்கை விடைத்துக்கொண்டு மைனாவைப் பார்த்தான்.

"பின்னங்காலா? அது பேச்சுக் கலையிலேயே வராதும்மா," என்றது மைனா. "நீ போயி புல்லைப் பாரு."

இருவரும் மறுபடி தண்ணீரில் முகம் பார்க்கத் தொடங்கினார்கள். காரி திரும்பி நடந்தாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்று சும்மாவா சொன்னார்கள்.

சில நாளிலேயே, வெயில் தாழும் நேரத்தில், புலி வந்தது. அவசரப்படாமல் வந்து, எதிரே உட்கார்ந்து, முன்கால்களை நீட்டிக்கொண்டது.

"ஆரம்பிங்க தலைவரே," என்றது புலி. "உங்க பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன தடவை கேட்டதுல வயிறே நெறைஞ்சு போச்சு."

பெருங்கொம்பன் கழுத்தை நிமிர்த்தினான். கண்ணை மெதுவாக ஓட்டினான்.

"என் உயிரினும் மேலான எருமைகளே! நாம் அஞ்சாத இனம்! மலை சாய்ந்தாலும் நம் தலை சாயாது!"

முன்னங்காலைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினான். புழுதி பறந்தது. முன்பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் வால் சுருண்டு உள்ளே போனது. இடது பின்னங்கால் நைசாக நகர்ந்தது. அதைத் தேடிக்கொண்டு வலது காலும் நகர்ந்தது.

வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஓரத்தில் நின்ற எருமை ஒன்று கழுத்தைத் திருப்பி ஓடுகிற பாதையைப் பார்த்தது. பக்கத்து எருமையும் பார்த்தது. காரியின் பின்னால் நின்ற சுட்டி, "அம்மா, ஓடணுமா?" என்று மெல்லக் கேட்டது.

காரி வரிசையை விட்டு வெளியே வந்து, பேசிக்கொண்டிருந்த தலைவனைத் தாண்டிப் போய்ப் புலியின் எதிரே நின்றாள். பின்னங்கால்களை மண்ணில் அழுத்தி ஊன்றினாள். வாலைத் தளரத் தொங்கவிட்டாள். திரும்பி ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. தான் திரும்பினால் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புலியின் கண்ணையே பார்த்தாள்.

அவள் தோளில் ஏதோ உரசியது. பூரணி வந்து நின்றிருந்தாள். அடுத்து இன்னொரு எருமை வந்தது. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவை கூட வெட்கத்தோடு வந்து ஒட்டிக்கொண்டன. கொம்புகள் வேலியாகிவிட்டன.

"வீரம் நம் குருதியில்..." என்ற இடத்தில் பெருங்கொம்பனின் பேச்சு நின்றது. கைதட்டலுக்காக நிறுத்தவில்லை. அவன் கால்கள் அவனைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டன. புலி கொம்பு வேலியை ஒருமுறை பார்த்தது. தனியாக ஓடும் கொழுத்த முதுகை ஒருமுறை பார்த்தது. அதற்குக் கணக்குத் தெரியும். பெருங்கொம்பனின் பின்னாலேயே பாய்ந்தது.

புலி போனதும் மைனா பறந்து வந்து காரியின் முதுகில் உட்கார்ந்தது. "அக்கா, அருமையா நின்னீங்க. குரலை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டா நீங்க எங்கேயோ போயிடுவீங்க," என்றது. காரி வாலால் ஓர் அடி அடித்தாள். மைனாதான் எங்கேயோ போனது.

இருட்டும் நேரத்தில் பெருங்கொம்பன் வந்தான். முள்ளுக்காட்டில் புகுந்து உயிர் தப்பியிருந்தான். பின்தொடையில் புலி நகம் நீளமாகக் கிழித்திருந்தது. முதுகு காட்டி ஓடி வாங்கிய காயம். அதைக் காட்டாமல் முகத்தை மட்டும் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு நடப்பது போல நடந்து வந்து நின்றான்.

"என் தலைமையில் நாம் வென்றோம்!" என்று முழங்கினான். "புலியைத் தந்திரமாகத் திசை திருப்பியவன் நான்! நாளை முதல் இன்னும் உறுதியோடு உங்களை வழிநடத்துவேன்!"

கூட்டம் எருமை மேல் மழை பெய்த மாதிரி நின்றது. காரி சுட்டியின் முட்டியை நக்கிக்கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரிங்க தலைவரே," என்றாள். "நாளைக்கு எதுக்கு, இப்பவே மடுவுக்குப் போகணும். புள்ளைங்க தண்ணி குடிக்கல. நீங்க திரும்பி முன்னால நடங்க. நாங்க வழக்கம்போல பின்னால வர்றோம்."

பெருங்கொம்பன் திரும்பவில்லை. கிழிந்த தொடையை இன்னும் அந்தப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டான். காரி அவனைச் சுற்றிக்கொண்டு மடுவை நோக்கி நடந்தாள். சுட்டி நொண்டிக்கொண்டே அவளைத் தொடர்ந்தது. கூட்டம் முழுவதும் சுட்டியின் நடைக்கு ஏற்ப மெதுவாகப் பின்னால் போனது.

தலைவனின் வாய் நில் என்று சொல்லிக் கால் ஓடு என்று சொன்னால், கூட்டம் காலின் பேச்சைத்தான் கேட்கும்.