சனிக்கிழமை மோதிரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பவழத்துறை என்ற கடலோர நாட்டைச் சினவேல் ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

அங்கே வணிகர் கிடங்கிலிருந்து சரக்கு எடுக்க, முத்திரை அதிகாரி வல்லபராயரின் மோதிரம் பதித்த ஓலை வேண்டும். அப்படியோர் ஓலையைக் காட்டி யாரோ நூறு மூட்டை மிளகை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொடுத்தனுப்பிய கிடங்குக் காவலன் எழிலனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"முத்திரை சரியா இருந்துச்சு சாமி, அதான் கொடுத்தேன்" என்று அழுதான் அவன்.

"பொய்! என் மோதிரம் விரலைவிட்டு இறங்கியதே இல்லை. இவன்தான் திருடன்" என்றார் ராயர். மந்திரி கூத்தபிரானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மந்திரியார் வேறு ஆளைக் காட்டுவாரோ?" என்று சீண்டினார்.

"பொழுது சாய்வதற்குள் காட்டும். இல்லையென்றால் இவனுக்குக் கழுமரம்" என்றார் ராஜா.

மந்திரி வணிகர்கள் பக்கம் திரும்பி, "வேறு யாராவது இப்படி ஏமாந்ததுண்டா?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏமாந்தவன் என்று பேர் வந்தால் அப்புறம் எந்தக் கப்பல் அவனை நம்பி வரும்? வெளியே கழுமரம் நடும் சத்தம் கேட்டது.

"மகாராஜா, போன மாதம் அரண்மனைக் கிடங்கிலிருந்து நாற்பது யானைத் தந்தம் போனதே. அதை நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்றார் மந்திரி.

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. எழிலன் வாசல் பக்கம் கழுமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார் ராஜா. கை மெல்ல இறங்கியது.

"ஆமாம், நானும் ஏமாந்தேன். வெளியே சொன்னால் மானம் போகும் என்றார் ராயர். மறைத்துவிட்டேன்."

அவ்வளவுதான். "எனக்குப் பட்டு போச்சு!", "எனக்கு ஏலக்காய்!" என்று வணிகர்கள் ஓடிப்போய் ஓலைகளோடு வந்தார்கள். சபைக்கு வந்திருந்த தீவு நாட்டுத் தூதரும், சொல்ல வெட்கப்பட்டு இடுப்பிலேயே செருகி வைத்திருந்த மூன்று ஓலைகளை எடுத்து நீட்டினார்.

மந்திரி எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். அத்தனையும் சனிக்கிழமை எழுதியவை!

"ராயரே, சனிக்கிழமை என்ன செய்வீர்?"

"எல்லோரையும் போல எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன்."

"மோதிரத்தோடா?"

ராயருக்கு வேர்த்தது. "எண்ணெய் பட்டால் கல் மங்கிவிடுமே... மைத்துனன் கையில் கழற்றிக் கொடுப்பேன்."

மைத்துனனோ காலையிலேயே படகேறியிருந்தான். தூதர், அந்தப் படகை மறிக்கும்படி கடலில் நின்ற தம் கப்பல்களுக்குக் கொடி காட்டச் செய்தார். சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்தில் அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். எழிலன் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

ராஜா தம் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார். ஏமாந்தவர் அன்றே சொல்ல வேண்டும், கேலி செய்பவருக்குச் சவுக்கடி, தீவு நாட்டுக்கும் உடனே ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று பறையறைந்தார்கள். சனிக்கிழமைதோறும் துறைமுக வாசலில் நின்று தம் கதையைத் தாமே சொல்வது ராயருக்கு வேலையாயிற்று.

அடுத்த சனிக்கிழமை ராஜாவின் சொந்த முத்திரையோடு எழிலனிடம் ஓர் ஓலை வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னைக்குச் சனிக்கிழமை. மகாராஜா நேர்ல வந்தா கொடுக்கிறேன்" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ராஜா பல்லைக் கடித்தார். அப்புறம் தலையில் எண்ணெய் வழிய வழிய, கிடங்குக்குத் தாமே நடந்து போனார்.