பின் சீட்டு பெல்ட்

முதலாவது, பழைய கார்க் கடையில், டாக்டர் ஓட்டிய கார், மழைத்துளி படாமல் ஷெட்டில் நின்ற கார் என்று சொல்லி விற்றார்கள். இரண்டாவது, வளைவில் திருப்பினால் ஹாரன் தானாக அலறுகிறது என்று போய் நின்றபோது, பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றாவது, திம்பம் மலைப்பாதையில் பயணிகளோடு இறங்கும்போது விளக்குகள் அணைந்துபோயின. அதைச் சொல்லப் போனபோது முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். முதலாளி உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான்காவது, இது வெள்ளத்தில் கிடந்த கார் என்று மெக்கானிக் சொன்னதைச் சொன்னபோது, "நீயே எங்கயோ தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்து கதை விடறியா?" என்று ஊரார் முன்னால் கேட்டார்கள்.

குப்பண்ணன் வரிசை மாறாமல் சொல்லி முடித்தார். வரிசை மாறினால் அநியாயம் வெறும் புலம்பலாகிவிடும் என்பது ஆசான் நடத்திய பாடம்.

ஆசான் என்று எல்லோரும் அழைத்த மரகதவல்லி, சத்தியமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர். குப்பண்ணனைவிட வயதில் இளையவர். ஞாயிறுதோறும் சங்கக் கொட்டகையில் வகுப்பு எடுப்பார். கேள்வி கேட்டால் சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் எழுந்து கிளம்பிவிடுவார்.

"நியாயம் எங்கிட்ட இருக்குதுங்க ஆசானே. சாட்சிதான் இல்லீங்க. அந்த மெக்கானிக் அவங்க குடுக்கற வேலையில பொழைக்கறவன், வர மாட்டேங்கறான். நான் எங்க போய்ச் சாட்சி தேடறது?"

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காரை ஓட்டிச் சேர்த்து வாங்கிய முதல் சொந்தக் கார் அது. அது நின்றுபோனால் மறுபடியும் அடுத்தவர் காருக்குத்தான் போக வேண்டும்.

"எனக்கு ஒரு சவாரி போகணும்ணா," என்றார் ஆசான். "வண்டிய எடுங்க."

"எங்கீங்க?"

"நீங்க வாங்குன எடத்துக்கே."

குப்பண்ணன் முன் கதவைத் திறந்துவிட்டார். ஆசான் பின்னால் ஏறிக்கொண்டார். குப்பண்ணனுக்கு ஒரு மாதிரி இருந்தது. சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பின் சீட்டில் வைத்து ஓட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையில் நல்ல கூட்டம். வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக முதலாளியே வாசலுக்கு வந்தார்.

"என்ன டிரைவரே, இன்னிக்கு எது அலறுது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆசான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். அது பாதியில் நின்றது. அந்தப் பாதி வழியாகவே பேசினார்.

"ஒண்ணும் அலறலைங்க. பின் சீட்டுக்கு பெல்ட் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா பின்னாடி உக்காந்து யாருங்கம்மா பெல்ட் போடறாங்க?"

"நான் போடுவேன்."

முதலாளி சொன்னது உண்மைதான். பழைய கார் கைமாறும்போது கண்ணும் கையும் படுகிற இடமெல்லாம் புதிதாகிவிடும். பின் சீட்டு பெல்ட்டை மட்டும் யாரும் கேட்பதில்லை. சீட் கவர் மாட்டுகிறவர் அதை அடியில் செருகி மேலே தைத்துவிடுவார். குப்பண்ணனும் அதைத் தேடியதில்லை.

ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளிக்குச் சேவை மனப்பான்மை வந்துவிட்டது. தானே உள்ளே குனிந்தார், தையலைப் பிரித்தார், பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். முதலில் கறுப்பாக வந்தது. போகப்போகச் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு சிக்கிக்கொண்டது. பலமாக ஒரு இழு இழுத்தார்.

காய்ந்த வண்டல் கொட்டியது. அவர் சட்டையில், கடையின் வெள்ளைத் தரையில். ஒரு நத்தை ஓடு உருண்டுபோய், வேடிக்கை பார்த்த பெரியவரின் செருப்பில் முட்டி நின்றது.

டாக்டர் கார் கதை அவரும் கேட்டதுதான். பெரியவர் ஓட்டை எடுத்துப் பார்த்தார். "டாக்டரு நத்தை வளத்தாருங்களா?"

முதலாளி முந்திக்கொண்டார். "பாத்தீங்களா? நான்தான் அன்னிக்கே சொன்னனே. தண்ணிக்குள்ள விட்டது இவன்தான்."

"இந்த சீட் கவர் யார் போட்டதுங்க?" என்றார் ஆசான்.

"நாங்கதான். விக்கறப்பப் புதுசாப் போட்டுக் குடுத்தோம். இலவசமா."

"அதுல ஒரு பொட்டு சேறு இருக்குதுங்களா?"

அவர் பார்த்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கவர் சுத்தமா இருக்குது. அதுக்கு அடியில நீங்க தெச்சு மூடுன பெல்ட்ல ஆறே இருக்குது. அப்ப தண்ணி முன்னாடி வந்துதா, கவர் முன்னாடி வந்துதா?"

முன்பணம் கட்ட வந்த ஒரு பெண் பணத்தைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் முதலாளிக்கு நன்றாகக் கேட்டது.

"உள்ள வாங்கம்மா, உக்காந்து பேசலாம். நீங்களும் வாங்கண்ணா."

குப்பண்ணன் அந்தக் கடையில் அண்ணாவானது அன்றுதான்.

காரின் முழு விலை, ரிப்பேருக்குச் செலவழித்தது, வண்டி நின்ற நாட்களின் வருமானம், எல்லாவற்றுக்கும் முதலாளி தலையாட்டினார். ஒன்றுக்கு மட்டும் தயங்கினார்.

"எழுதறதை கடைப் பேர்ல எழுதிக்கலாங்களா? எம் பேரு வேண்டாமே."

கடைப் பலகையில் இருந்தது சாமி பேர். பலகையை ஒரே பகலில் மாற்றிவிடலாம்.

"வெள்ளத்துல மூழ்குன காரை மறைச்சு வித்தேன், இப்ப நஷ்டஈடு தந்தேன்னு உங்க கையால எழுதுங்க," என்றார் ஆசான். "அப்பா பேரும் சேத்து."

முதலாளி எழுதினார். பணம் வந்து சேர்ந்த செய்தி குப்பண்ணனின் போனில் ஒலித்தது. அவர் அதைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அதான் எழுதிட்டனே," என்றார் முதலாளி. "மடிச்சு வெச்சுக்கங்க. வெளிய படிக்க வேண்டாம்."

குப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "முழுசும் வந்துருச்சுங்க ஆசானே. இனி அவரு பேரு நமக்கு எதுக்குங்க?"

ஆசான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். கூட்டம் கலையாமல் நின்றிருந்தது.

"பணம் உங்களுக்குச் சேர வேண்டியதுண்ணா. பேரு அவங்களுக்குச் சேர வேண்டியது."

குப்பண்ணன் தாளோடு வாசலுக்கு வந்தார். முதல் வரியில் குரல் நடுங்கியது. அடுத்த வரியில் நிலைத்தது. கடைசி வரியை, ஸ்டாண்டில் நின்று சவாரி கூப்பிடுகிற குரலில், ரோட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி படித்தார்:

"விற்றவர், சென்னியப்பன் மகன் ஜெகதீஸ்வரன்."